லீ குவான் யூ கையில் எடுத்தது மீன்பிடிக் கிராமத்தையா?

தேக்காவாசி:
நேற்று இரவு நெய்தல்நாடன் பகிர்ந்த காணொளியைப் பார்த்தேன். மேடையில் நிற்கிறவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ வந்தபோது அது வெறும் மீன்பிடிக் கிராமமாம். அந்த ஒரே மனிதர் முப்பது வருஷத்தில் அதை உலக நகரமாக்கினாராம். ஆசியாவில் எந்த நாடு உருப்பட வேண்டும் என்றாலும் அப்படி ஒரு சர்வாதிகாரி வேண்டுமாம். கூட்டம் கைதட்டுகிறது. இங்கேயும் பதினேழு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா சிங்கப்பூரில் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலியாகச் சேர்ந்து கங்காணியாக ஓய்வு பெற்றவர். அங்கே கிங் ஜார்ஜ் பெயரில் ஓர் உலர்துறை இருந்தது. 1938இல் திறந்தார்கள். அப்போது உலகத்தில் இருந்த மிகப் பெரிய உலர்துறைகளில் அதுவும் ஒன்று. போர்க்கப்பலை உள்ளே ஏற்றிக் கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு, அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பழுது பார்க்கும் துறை. மீன்பிடிக் கிராமத்தில் எந்தக் கட்டுமரத்துக்காக அதைக் கட்டினார்கள்? நெய்தல்நாடன் பதில் சொல்லட்டும்.

நெய்தல்நாடன்:
வணக்கம் தேக்காவாசி அண்ணே. வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள். பேச்சாளர் சொன்னதன் சாரத்தைப் பாருங்கள். 1965இல் ஒன்றுமே இல்லாத ஊர். தண்ணீர்கூடப் பக்கத்து நாட்டிலிருந்து வரவேண்டும். பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. சீனர் தெருவில் ஓர் அறையைப் பலகையால் தடுத்து ஐந்து குடும்பம் இருந்தது. அதை மாற்றியவர் யார்? நான் அங்கே நாலு வருஷம் கட்டுமான வேலை பார்த்தவன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தேக்காவாசி:
நீங்கள் கண்ணால் பார்த்தது 2000க்குப் பிறகு. நான் கேட்டது 1938. உலர்துறைக்குப் பதில் வரவில்லை.

வரலாற்று மாணவி:
இருவருக்கும் ஒரு கேள்வி. "வந்தபோது" என்று எந்த ஆண்டைச் சொல்கிறீர்கள்? பிரிட்டிஷ் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸ் வந்த 1819ஆ, லீ பிரதமரான 1959ஆ, தனிநாடான 1965ஆ? அதேபோல் "சர்வாதிகாரி" என்றால் தேர்தலே வைக்காதவரா, தேர்தல் வைத்து எதிரியை உள்ளே போடுகிறவரா? இதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

நெய்தல்நாடன்:
பெயர் எதுவாக இருந்தால் என்ன தங்கச்சி, சோறு கிடைத்ததா இல்லையா, அதுதான் கேள்வி.

தேக்காவாசி:
மாணவி அவர்களே, பொறுங்கள். முதலில் உலர்துறை. பிறகு மற்றது.

சரி, அவருக்கு 1938 பிடிக்கவில்லை என்றால் 1943க்கு வருவோம். அக்டோபர் 21. நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை எங்கே அறிவித்தார்? சிங்கப்பூரில், கேத்தே கட்டடத்தில். பதினாறு மாடி, அதன் திரையரங்கை 1939இல் திறந்தார்கள். நம் தோட்டத் தொழிலாளிகள், ரப்பர் வெட்டிய தமிழ்ப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் அவருடைய இந்திய தேசியப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்கள் எல்லாரும் கூடியது மீன் காயவைத்த மணல்மேட்டிலா?

தொங்குகிறேன் என்கிறீர்கள். ஆமாம், தொங்குவேன். என் தாத்தா தலைமுறையின் உழைப்பை ஒரே சொல்லில் கடலில் கரைக்கிறீர்கள், நான் சாரத்தைப் பார்க்க வேண்டுமாம்.

சோழமண்டலம்:
இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அந்தத் தீவுக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைத்ததே ராஜேந்திர சோழன். 1025இல் கடற்படையோடு போனவன். வெள்ளைக்காரனும் லீயும் நேற்று வந்தவர்கள்.

தேக்காவாசி:
இதற்குத்தான் காத்திருந்தேன். சோழமண்டலம், ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வென்ற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம், கடாரம். சிங்கபுரம் எந்த வரியில்? ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள். போன மாதம் அங்கோர்வாட் இழையிலும் இதையே செய்தீர்கள்.

சோழமண்டலம்:
ஆற்று முகத்தில் ஒரு பெரிய கல்வெட்டு இருந்ததே, சிங்கப்பூர்க் கல். 1843இல் வெள்ளைக்காரன் வெடிவைத்துத் தகர்த்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல முடியாது. ஏனென்றால் இன்றுவரை யாரும் படிக்கவில்லை. படிக்காததை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தேக்காவாசி:
படிக்காததில் சோழன் இருக்கிறான் என்று மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நெய்தல்நாடன்:
அண்ணே, இழை எங்கேயோ போகிறது. நான் நேராகக் கேட்கிறேன். கல்கத்தா பிரிட்டிஷ் துறைமுகம்தானே? ரங்கூன்? கொழும்பு? ஏடன்? எல்லா இடத்திலும் கப்பல்துறை இருந்தது, கடிகார கோபுரம் இருந்தது, கல்லூரி இருந்தது. ரங்கூனைப் பார்த்து ஒரு காலத்தில் செட்டிநாடே வாய்பிளந்தது. இன்றைக்கு அந்த ஊர்கள் எங்கே, சிங்கப்பூர் எங்கே? துறை எல்லாருக்கும் கிடைத்தது. லீ ஒரு ஊருக்குத்தான் கிடைத்தார். உங்கள் உலர்துறை அத்தனை பெரிய சாமி என்றால் ஏடனில் ஏன் வரம் கொடுக்கவில்லை?

தேக்காவாசி:
அப்படியென்றால் ஹாங்காங்குக்கு யார் லீ? 1953 கிறிஸ்துமஸ் அன்று ஷெக் கிப் மெய் குடிசைப்பகுதி எரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் அரசு அடுக்குமாடி கட்டத் தொடங்கியது. கட்டியது லண்டனிலிருந்து வந்த ஆளுநர், அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. அவரை வைத்து மேடையில் யாராவது கைதட்டல் வாங்குகிறார்களா?

பாருங்கள், நீங்களே இப்போது "துறை எல்லாருக்கும் கிடைத்தது" என்று எழுதிவிட்டீர்கள். அதாவது துறை இருந்தது. அதாவது கிராமம் இல்லை. நன்றி.

நெய்தல்நாடன்:
நான் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. கிராமம் கிராமம்தான். பொங்கோலில் மீன்பிடித்தார்களா இல்லையா? சாங்கியில் மீன்பிடித்தார்களா இல்லையா? கடலோரம் முழுக்கக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள், கால்நட்டு நின்ற குடிசைகள். படம் இருக்கிறது.

தேக்காவாசி:
மெரினாவிலும் மீன் பிடிக்கிறார்கள். சென்னை மீன்பிடிக் கிராமமா?

யாழ்ப்பொடியன்:
அண்ணைமார், கொழும்பின்ரை பேர் வந்தபடியால் நானும் ஒண்டு சொல்லுறன். லீ 1956இலை கொழும்பிலை இறங்கிப் பார்த்தவர். பிரிட்டன் சுதந்திரத்துக்குக் கவனமாகத் தயார்ப்படுத்தின நாடு எண்டு இலங்கையைப் பற்றிப் பின்னாளிலை எழுதினவர். அதே 1956இலைதான் இஞ்சை தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்கப்பூரிலை எழுபத்தைஞ்சு வீதம் சீனர் இருந்தும், தமிழை ஆட்சிமொழியளிலை ஒண்டாக வைச்சவை. காசுத்தாளிலை தமிழ் இருக்கு. அதை நினைச்சால் எங்களுக்கு நெஞ்சு எரியும். மீன்பிடிக் கிராமமோ இல்லையோ எண்டு நீங்கள் அடிபடுறியள், எங்களுக்கு அந்த ஒரு முடிவு போதும்.

ஆனால் இன்னொண்டும் இருக்கு. ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்திலை பிறந்த மனுசன். 1981இலை அன்சன் இடைத்தேர்தலிலை பாட்டாளிக் கட்சிக்காக நிண்டு வெண்டவர். பதின்மூண்டு வருசமாக நாடாளுமன்றத்திலை ஒரு எதிர்க்கட்சி ஆளும் இல்லாமல் இருந்ததை உடைச்சவர். அவரை என்ன செய்தவை? 1986இலை மறியலுக்கை (சிறையிலை) போட்டு, ஆசனத்தைப் பறிச்சு, 1987இலை வழக்கறிஞர் பட்டியலிலை இருந்தும் பேரை எடுத்தவை. 1988இலை, அப்ப சிங்கப்பூருக்கும் மேல் நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குப் பெரிய அநியாயம் நடந்தது எண்டு சொல்லித் திரும்பவும் பட்டியலிலை சேர்த்தது. அதுக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமோ? பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு போற வழியை முதலிலை குறுக்கி, 1994இலை முழுசா மூடிப்போட்டினம்.

நெய்தல்நாடன்:
ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து முப்பது வருஷ ஆட்சியை எடைபோட முடியாது.

யாழ்ப்பொடியன்:
ஒரு ஆளோ? 1963 பெப்ரவரி 2, ஒரே இரவிலை நூறு பேருக்கு மேலை பிடிச்சவை. லிம் சின் சியோங் உட்பட. அந்த மனுசன்தான் லீயோடை சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கினவர், ஹொக்கியன் எண்ட சீனப் பேச்சுமொழியிலை பேசினால் கூட்டம் அசையாது எண்டு சொல்லுவினம். எதிர்க்கட்சிக்காரர் சியா தை போ 1966இலை உள்ளை போனவர், விசாரணை இல்லாமல் இருபத்து மூண்டு வருசம். அதுக்குப் பிறகும் கட்டுப்பாடு, 1998 மட்டும். மண்டேலாவைப் பற்றி எல்லாரும் எழுதுறியள், இவரைப் பற்றி எத்தினை பேர் எழுதினவை?

தேக்காவாசி:
யாழ்ப்பொடியன் சொன்னது எல்லாம் உண்மை, ஆனால் ஒரு திருத்தம். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கும் சட்டத்தைத் தாங்கிப் பேசிய ராஜரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான். 1965 முதல் 1980 வரை வெளியுறவு அமைச்சர். எங்கள் பிள்ளைகள் காலையில் சொல்லும் உறுதிமொழியின் வரைவை எழுதியவர். யாழ்ப்பாணத்துப் பெருமை பேசுகிறபோது இரண்டு பேரையும் சேர்த்துப் பேசுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஆளை நாங்கள் திட்டுவோம். கொழும்பில் இருந்துகொண்டு நீங்கள் சிங்கப்பூருக்கு நீதி சொல்ல வேண்டாம்.

யாழ்ப்பொடியன்:
நான் கொழும்பிலை இல்லை. எங்கை இருக்கிறன் எண்டது உங்களுக்குத் தேவையுமில்லை. மூண்டு பதிவுக்கு முன்னம் லீயின்ரை புகழை வெட்டினது நீங்கள், நான் வெட்டினால் மட்டும் வலிக்குதோ?

தேக்காவாசி:
நான் லீயை வெட்டவில்லை. லீ இறந்த அன்று, 2015 மார்ச் 23, என் அம்மா சமைக்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு வெளியே எட்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். நான் வெட்டுவது "கிராமம்" என்ற சொல்லை. அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு என்ன பேச.

பினாங்குக்காரன்:
வந்துட்டேன். தேக்காவாசி இருக்கிற இழை என்றால் நான் வராமல் இருப்பேனா. மகாதீர் இழையில் என்னைப் பேசவிடாமல் நூறு பதிவு போட்டவர் இவர்.

நெய்தல்நாடன், நீங்கள் 1965 1965 என்கிறீர்கள். 1965இல் லீ தொலைக்காட்சியில் அழுதாரே, அதைப் பார்த்து உலகமே மலேசியா ஒரு சின்னத் தீவைத் தூக்கி எறிந்தது என்று நம்பியது. சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ மலேசியத் துணைப்பிரதமர் துன் ரசாக்கோடு உட்கார்ந்து பிரிவினையைப் பேசி முடித்தது பிறகுதானே வெளியே வந்தது. மலேசிய நாடாளுமன்றத்தில் 126க்கு 0 என்று நிறைவேறியது. தள்ளினார்களா, இவர்களே பிரிந்து போனார்களா? அதைப் பேசுங்கள் முதலில்.

தேக்காவாசி:
பேசி முடித்தவர் கோ கெங் சுவீ. மலேசியப் பிரதமர் துங்கு முடிவெடுத்த பிறகுதான் பேசினார். காலவரிசை பாருங்கள். மகாதீர் இழையில் உங்களுக்கு இதே வியாதி.

பினாங்குக்காரன்:
பினாங்கு 1786இல் துறைமுகம் ஆனது. சிங்கப்பூருக்கு முப்பத்து மூன்று வருஷம் முன்னால். எங்களுக்கும் தீவு, எங்களுக்கும் சீனர், எங்களுக்கும் தமிழர். சுதந்திரத் துறைமுகம் என்ற தகுதியை 1969இல் பறித்தார்கள். அதற்கப்புறம் ஆன கதை எங்களுக்குத்தான் தெரியும். உலர்துறை இருந்தது, மூத்திரத்துறை இருந்தது என்று பெருமை பேசுகிறவர்கள் கொஞ்சம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மட்டுறுத்துநர்:
பினாங்குக்காரன், சொற்களில் கவனம். சோழமண்டலம், ராஜேந்திர சோழன் பற்றிய பதிவுகளுக்குத் தனி இழை இருக்கிறது.

சோழமண்டலம்:
தமிழனைப் பற்றிப் பேசினால் மட்டும் தனி இழை. லீக்கு மட்டும் இந்த இழை. நல்ல நீதி.

நெய்தல்நாடன்:
இத்தனை பேர் வந்தும் நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 1961 மே 25. புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதியில் தீ. ஒரு மத்தியானத்தில் பதினாறாயிரம் பேர் வீடிழந்தார்கள். அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசைகள், தகரம், பலகை. இதுவா உங்கள் உலக நகரம்? அரசு வீடு கட்டும் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1960இல்தான் தொடங்கியது. லிம் கிம் சான் சம்பளம் வாங்காமல் தலைவராக இருந்தார். முதல் ஐந்து வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வீடு. அதற்கு முன்னால் வெள்ளைக்காரனின் அமைப்பு 1927இலிருந்து முப்பத்திரண்டு வருஷத்தில் கட்டியது சுமார் இருபத்து மூவாயிரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கம்பி கட்டினவன். ஒரு மாடிக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். அந்த வேகம் சும்மா வராது. மேலே ஒருத்தன் சாட்டையோடு நிற்க வேண்டும்.

தேக்காவாசி:
குடிசை இருந்தால் கிராமமா? தாராவியில் குடிசை இருக்கிறது, பம்பாய் கிராமமா?

குடிசை எரிந்தது என்பதே என் பக்கத்துச் சாட்சி. ஒரு சின்னத் தீவில் ஏன் அத்தனை பேர் அத்தனை நெருக்கமாக வந்து குடியேறினார்கள்? துறைமுகத்தில் வேலை இருந்தது. 1947 மக்கள்தொகைக் கணக்கில் ஒன்பது லட்சத்துக்கு மேல். தனிநாடானபோது ஏறத்தாழ பத்தொன்பது லட்சம். பத்தொன்பது லட்சம் பேர் உள்ள மீன்பிடிக் கிராமம். இத்தனை பேருக்கும் எந்தக் கடலில் மீன் பிடித்தார்கள்?

பிறகு சாட்டை பற்றி. ஊழல் தடுப்புப் புலனாய்வுப் பிரிவு லீ தொடங்கியது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். தொடங்கியது 1952. மத்திய சேமநிதி 1955. லீ பிரதமரானது 1959. அவர் கையில் வந்தவை அவை. அவர் 1960இல் ஊழல் சட்டத்துக்குப் பல் வைத்தார், சேமநிதியை எடுத்து வீடு வாங்க வழி செய்தார். அதற்கு வணக்கம். தொடங்கியவர் என்று சொன்னால் மட்டும் நான் கேட்பேன்.

வரலாற்று மாணவி:
இருவருக்கும் உதவும் என்று ஒன்று தருகிறேன். 1965 செப்டம்பரில், பிரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, லீ ஸ்ரீ நாராயண மிஷன் விழாவில் பேசினார். நூறு வருஷத்துக்கு முன்னால் இது சேறும் சதுப்புமாக இருந்தது, இன்று நவீன நகரம், இன்னும் பத்து ஆண்டில் மாநகரம் ஆகும், பயம் வேண்டாம் என்பது அவர் சொன்னதன் பொருள். 1965இல் தன் கையில் இருந்தது ஏற்கெனவே நவீன நகரம் என்று லீயே சொல்லியிருக்கிறார்.

தேக்காவாசி:
அப்படிச் சொல்லுங்கள்! லீ வாயாலேயே வந்துவிட்டது. நெய்தல்நாடன், இனிமேலும் கிராமமா?

நெய்தல்நாடன்:
சேறு என்று அவரே சொல்லிவிட்டார் பாருங்கள். சதுப்புநிலம். நான் சொன்னதுதானே இது?

தேக்காவாசி:
நூறு வருஷத்துக்கு முன்னால் என்று இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

நெய்தல்நாடன்:
மேடையில் மக்களுக்குத் தைரியம் சொல்லப் பேசியது அது. தலைவன் அப்படித்தான் பேசுவான். வீடு இடிந்து விழுகிறபோதும் நல்ல வீடு என்பான்.

வரலாற்று மாணவி:
நான் காட்டியது அதுவல்ல. அந்தப் பேச்சில் நூறு வருஷத்து உழைப்பும் இருக்கிறது, பத்து வருஷ வாக்குறுதியும் இருக்கிறது. இரண்டையும்...

பினாங்குக்காரன்:
தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். பக்கத்து மலேசிய மாநிலம் ஜொகூரின் தண்ணீர், ஆயிரம் காலன் மூன்று மலேசிய சென். 1962இல் போட்ட ஒப்பந்தம், 2061 வரைக்கும். இந்த விலைக்கு எனக்குத் தண்ணீர் கொடுத்தால் நானும் உலக நகரம் கட்டுவேன்.

தேக்காவாசி:
அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து ஜொகூருக்கே ஆயிரம் காலன் ஐம்பது சென்னுக்குக் கொடுக்கிறோம். சுத்திகரிக்க அதைவிட அதிகம் ஆகிறது. பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது பினாங்கு வழக்கமா?

பினாங்குக்காரன்:
விலையைத் திருத்த 1987இல் கேட்டிருக்கலாம் என்பீர்கள். தெரியும். மூன்று சென் மூன்று சென்தான்.

யாழ்ப்பொடியன்:
எனக்கு ஒரு பதிலும் வரேல்லை. 1968 தேர்தலிலை 58 ஆசனத்துக்கு 58உம் ஒரே கட்சி. அதிலை 51இலை போட்டியே இல்லை. அந்தப் பேச்சாளர் "சர்வாதிகாரம்" எண்டு புகழ்ந்தவர். தேக்காவாசி அண்ணை அந்தச் சொல்லுக்குக் கோவப்படேல்லை, "மீன்பிடிக் கிராமம்" எண்ட சொல்லுக்குத்தான் கோவப்பட்டவர். இது எனக்கு விளங்கேல்லை.

தேக்காவாசி:
விளங்க என்ன இருக்கிறது. 1968இல் எதிர்க்கட்சியான பாரிசான் சோஷலிஸ் தானாகத் தேர்தலைப் புறக்கணித்தது. நாடாளுமன்றத்தை விட்டு அவர்களே வெளியே போனார்கள். அதை லீ தலையில் கட்டாதீர்கள்.

யாழ்ப்பொடியன்:
தலைவர்மாரை எல்லாம் மறியலிலை வைச்சுக்கொண்டு "தானாகப் புறக்கணிச்சது" எண்டு எழுத உங்களுக்குக் கை வருது.

தேக்காவாசி:
மறுபடியும் இழையைத் திருப்புகிறீர்கள். நான் இந்த இழையைத் தொடங்கியது உலர்துறைக்காக.

பிரிட்டிஷ் படை 1971க்குள் போய்விடும் என்று 1968 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தத் தளங்களை நம்பி நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. எங்கள் வீட்டில் தாத்தா மூன்று நாள் பேசவில்லையாம், அப்பா சொல்லுவார். தளத்துக்குள்தான் வீடு, தளத்துக்குள்தான் பள்ளிக்கூடம், கோயில், பந்து விளையாட்டு. அதே 1968 கடைசியில் கப்பல்துறையை அப்படியே சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்தார்கள், பெயருக்கு ஒரு டாலர் விலைக்கு. கிரேன், பட்டறை, துறை, அதைவிட முக்கியம் வேலை தெரிந்த கைகள். செம்பவாங் கப்பல் பட்டறை அப்படித்தான் பிறந்தது. தாத்தா அதே கதவு வழியாக அடுத்த வருஷம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

லீ புத்திசாலி. வின்செமியஸ் என்ற டச்சுக்காரரை ஆலோசகராக வைத்துக்கொண்டார், ஜூரோங் சதுப்பை நிரப்பித் தொழிற்பேட்டை கட்ட கோ கெங் சுவீயை விட்டார், ராஃபிள்ஸ் சிலையை உடைக்காமல் நிற்கவிட்டார். கிடைத்ததை எறியவில்லை. அதுதான் அவர் பெருமை என்று நான் நினைக்கிறேன். கிடைத்தது ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொன்னால், அவர் பெருமையும் போய்விடுகிறது, என் தாத்தாவும் போய்விடுகிறார்.

நெய்தல்நாடன்:
தாத்தாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. என் அப்பாவும் கூலிதான். ஆனால் கூலிகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தூத்துக்குடியில் இருந்தார்கள், நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். தலை சரியாக இருந்த ஊர்தான் நிமிர்ந்தது. நீங்கள் சிங்கப்பூரில் பிறந்துவிட்டு அந்தத் தலையின் அருமை தெரியாமல் பேசுகிறீர்கள். நாங்கள் இங்கே மழை பெய்தால் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்து, அந்த ஊரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம். அந்தக் காணொளிக்கு ஏன் கைதட்டினார்கள் என்று உங்களுக்குப் புரியாது.

தேக்காவாசி:
எனக்கு நன்றாகப் புரிகிறது. உங்கள் ஊரில் இருக்கிற கோபத்துக்கு என் ஊரை விளக்குமாறாக எடுக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். என் ஊர் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

நெய்தல்நாடன்:
பொய் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

தேக்காவாசி:
கிராமம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

சோழமண்டலம்:
1827இல் மாரியம்மன் கோயில் கட்டியவர் நாராயண பிள்ளை. 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த தமிழர். இதை இருவரும் இதுவரை சொல்லவில்லை. தமிழன் வந்தபோதே செங்கல் சூளை வைத்தான். இதையாவது தனி இழைக்கு அனுப்பாமல் விடுங்கள்.

தேக்காவாசி:
முதன்முறையாகச் சரியாகச் சொன்னீர்கள். சூளை வைத்தார் என்றால் கட்டடம் கட்ட ஆள் கேட்டது என்று அர்த்தம். நெய்தல்நாடன், குறித்துக்கொள்ளுங்கள்.

பினாங்குக்காரன்:
நாராயண பிள்ளை எங்கிருந்து சிங்கப்பூர் போனார்? பினாங்கிலிருந்து. பினாங்குக்காரர். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேக்காவாசி:
பினாங்கில் இருந்தவர் ஏன் கிளம்பி வந்தார் என்று யோசித்தீர்களா?

பினாங்குக்காரன்:
ராஃபிள்ஸ் கூப்பிட்டார், வந்தார். மகாதீர் இழையை இன்னொரு தடவை திறக்கட்டுமா?

மட்டுறுத்துநர்:
மகாதீர் இழை பூட்டப்பட்டிருக்கிறது. திறக்கப்படாது.

நெய்தல்நாடன்:
அண்ணே, கடைசியாகச் சொல்கிறேன். சூளை, கோயில், துறை எல்லாம் இருக்கட்டும். 1961 தீ. அத்தாப்புக் குடிசை. பதினாறாயிரம் பேர். படத்தை இன்று இரவு போடுகிறேன். பார்த்துவிட்டு கிராமமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

தேக்காவாசி:
போடுங்கள். அதன் பக்கத்திலேயே நான் 1938 உலர்துறைப் படத்தைப் போடுகிறேன். தாத்தாவின் வேலை அட்டையும் இருக்கிறது, பெயரை மறைத்துவிட்டுப் போடுவேன்.

யாழ்ப்பொடியன்:
அப்ப நான் ஆற்றை படத்தைப் போட? சியா தை போவின்ரையோ?